மூச்சு வாங்கும் கணவாய்



அரையாண்டுப் பரீட்சையில் "உயரமான மலைகளில் ஆக்சிஜன் சதவீதம் குறைவு" என்று எழுதியிருந்தேன். டீச்சர் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி போட்டுவிட்டார்கள். எனக்கு ஒரே கோபம். மேலே போனால் மூச்சு முட்டும் என்று எல்லாருக்கும் தெரியுமே! பொங்கலுக்கு வந்த என் மாமா சொன்ன கதையைக் கேட்ட பிறகுதான் என் தப்பு புரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாமா போன இடம்

மாமா டெல்லியில் வேலை பார்க்கிறார். போன ஜூன் மாதம் நண்பர்களோடு லடாக்கில் உள்ள கார்துங் லா என்ற கணவாய்க்குப் போனார். மலைத்தொடரை ஒரு சுவர் என்று வைத்துக்கொண்டால், ஏறித் தாண்டுவதற்குத் தோதாகக் கொஞ்சம் தாழ்ந்திருக்கும் இடம்தான் கணவாய். லடாக் மொழியில் "லா" என்றாலே கணவாய்.

லே நகரத்திலிருந்து சுமார் 40 கி.மீ. போனால் இந்தக் கணவாய். தாண்டி இறங்கினால் நூப்ரா பள்ளத்தாக்கு. அந்தக் காலத்தில் மத்திய ஆசியாவுக்கு வியாபாரிகள் குதிரை, ஒட்டகங்களோடு இந்த வழியாகப் போனார்களாம். 1976-ல் ரோடு போட்டார்கள். 1988-ல் பொதுமக்களின் வண்டிகளை விட்டார்கள். சியாச்சின் பகுதி ராணுவ வீரர்களுக்குச் சாமான்கள் போவதும் இந்த வழியில்தான்.

அங்கே இருந்த பலகையில் உயரம் 18,380 அடி, உலகிலேயே உயரமான வண்டிச் சாலை என்று எழுதியிருந்தது. பிறகு கருவி வைத்து அளந்து பார்த்தால் 17,582 அடிதான், அதாவது 5,359 மீட்டர். இதைவிட உயரமான சாலைகள் இப்போது லடாக்கிலேயே வந்துவிட்டன. இருந்தாலும் சும்மா இல்லை. நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர். ரெண்டு தொட்டபெட்டாவை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் இன்னும் 85 மீட்டர் குறையும்!

என்ன நடந்தது?

டெல்லி கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டர் சுமாருக்குத்தான் இருக்கிறது. லே 3,500 மீட்டர். விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிட்டார்கள். "ரெண்டு நாள் எங்கேயும் போகாம படுத்து ரெஸ்ட் எடுங்க" என்று தங்கின இடத்தில் சொன்னார்களாம். லீவு நாலு நாள்தானே என்று மறுநாள் காலையிலேயே கார் பிடித்துக் கிளம்பிவிட்டார்கள்.

மாமாவுக்கு ராத்திரியே தலைவலி. சொன்னால் கேலி பண்ணுவார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. போகப் போக, கையில் இருந்த சிப்ஸ் பாக்கெட் பந்து மாதிரி உப்பியதாம். கணவாயில் ஜூன் மாதத்திலும் ஓரமெல்லாம் பனி. கலர் கலராகக் கொடிகள் காற்றில் படபடவென்று அடிக்கின்றன. மற்றவர்கள் போட்டோ எடுக்க ஓடினார்கள். மாமா பத்து அடி நடந்ததும் மூச்சு வாங்கி, வாந்தி எடுத்து, குடித்தவர் மாதிரி தள்ளாடினார்.

கார் ஓட்டி வந்த லடாக்காரர் ஒரு தடவை பார்த்தார். "போட்டோ போதும், எல்லாரும் ஏறுங்க" என்று அதட்டி, உடனே வண்டியைக் கீழே திருப்பிவிட்டார். லே ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். சாயங்காலம்தான் மாமா சரியாகப் பேசினார். மேலேயே தங்கியிருந்தால் நுரையீரலில் நீர் கோத்தோ, மூளை வீங்கியோ உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

பொங்கலன்றுதான் எங்களுக்கு இது தெரியும். அம்மா புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "தலவலிக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னா உன் மீச கொட்டிப்போயிருமாடா?" என்று அழுதுகொண்டே திட்டியது. மாமா பதில் பேசவில்லை.

என் விடை ஏன் தப்பு?

லீவு முடிந்து வந்ததும் டீச்சரிடம் கேட்டேன். வைக்கோல் போரை நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அடியில் இருக்கிற வைக்கோல் மேலே உள்ள பாரத்தால் அமுங்கி நெருக்கமாக இருக்கும். உச்சியில் இருப்பது லேசாக, இடைவெளி விட்டுக் கிடக்கும். காற்றும் அப்படித்தான். ஆக்சிஜன் அங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் காற்றின் அழுத்தம் கார்துங் லாவில் இங்கே இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம்தான் அதிகம். அதனால் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் கிட்டத்தட்ட பாதிதான். பாக்கெட் உப்பியதும் இதனால்தான்: உள்ளே கீழ்க்காற்று, வெளியே மெல்லிய காற்று. தண்ணீர்கூட அங்கே சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் சோறு சரியாக வேகாது.

மெதுவாக ஏறினால் உடம்பு பழகிக்கொள்ளும். முதலில் மூச்சும் இதயத் துடிப்பும் வேகமாகும். பிறகு நாளாக நாளாக ரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

நினைவில் வைக்க

1. உயரமான இடத்துக்குப் போனால் முதல் இரண்டு நாள் ஓய்வு.
2. தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் உடனே சொல்ல வேண்டும்.
3. முதல் மருந்து கீழே இறங்குவதுதான்.

இரண்டாவது நமக்கும் பொருந்தும். காலையில் சாப்பிடாமல் வந்து, பிரேயரில் கண் இருட்டினாலும் சொல்ல வெட்கப்பட்டு நின்று, தொப்பென்று விழுகிறோமே, நானும் விழுந்திருக்கிறேன். இனிமேல் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். நீங்களும் சொல்லுங்கள். யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி