ஒரே அச்சில் வார்த்த சிப்புக்குப் பல விலை ஏன்?



பில் போடும் கம்ப்யூட்டர் இல்லாத கடை இன்று குறைவு. வாங்கப் போகும் இடத்தில், "விலை குறைந்த பிராசஸரைப் போட்டு வேகத்தை ஏற்றித் தருகிறேன் அண்ணாச்சி, உயர்ந்த ரகம் மாதிரியே ஓடும்" என்று சொல்பவர்கள் உண்டு. இப்படி வேகம் ஏற்றுவதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். இதில் எவ்வளவு உண்மை, எல்லை எது என்பதை வியாபாரக் கண்ணோடு பார்ப்போம்.

தரம் பிரித்தல்

சிலிக்கான் வட்டத் தட்டு ஒன்றில் பல சிப்புகள் ஒன்றாக உருவாகின்றன. அச்சு ஒன்று, தரம் ஒன்றல்ல. ஒரே வயல் மிளகாயை நாம் முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று பிரிப்பதுபோல, ஒவ்வொரு சிப்பையும் சோதித்து, அது தாங்கும் வேகத்துக்கேற்ப முத்திரையும் விலையும் இடுகிறார்கள்.

பிரபலமான உதாரணம் ஒன்று. 1998 ஆகஸ்டில் இன்டெல் கம்பெனி அமெரிக்காவில் செலரான் 300ஏ சிப்பை 149 டாலருக்கு வெளியிட்டது. அதே சமயம் வந்த பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ் சிப்பின் விலை 669 டாலர். செலரானின் கணக்கு, 66 மெகாஹெர்ட்ஸ் பெருக்கல் நாலரை, ஆக 300. போலி முத்திரை குத்தி விற்பதைத் தடுக்க நாலரையை இன்டெல் பூட்டியிருந்தது. ஆனால் மதர்போர்டில் 66ஐ 100 ஆக்கினால் 450 வந்துவிடும். பலருக்கு அது ஓடவும் செய்தது.

காரணம் என்ன? நல்ல சரக்கு அதிகம் விளைந்தது, மலிவு விலைக்குக் கேட்பவர்களும் அதிகம். ஆகவே 450 தாங்கும் சிப்பும் 300 என்ற சாக்கில் போயிற்று. விலை, அடக்கத்தைப் பார்த்து மட்டும் அமைவதில்லை. வாங்குபவரின் கையைப் பார்த்தும் அமைகிறது.

எல்லை எது?

வேகம் ஏற மின்னழுத்தமும் ஏற வேண்டும். வேகத்தை 10 சதவீதமும், அழுத்தத்தை 10 சதவீதமும் கூட்டினால் மின்செலவும் சூடும் சுமார் 33 சதவீதம் கூடும். கடைசிப் படி எப்போதும் விலை அதிகம். கோர் ஐ9-14900கே, 2023இல் 589 டாலர், உச்ச வேகம் 6.0 கிகாஹெர்ட்ஸ். 2024 மார்ச்சில் வந்த 14900கேஎஸ் 689 டாலர், உச்ச வேகம் 6.2. மூன்று சதவீத வேகத்துக்குப் பதினேழு சதவீத விலை!

கம்பெனியே எல்லையை நெருங்கினாலும் சேதம் உண்டு. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் சில, அளவு மீறிய மின்னழுத்தத்தால் பழுதாகி, 2024இல் உத்தரவாதத்தை மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

பட்ட பாடம்

வேகம் ஏற்றிய கம்ப்யூட்டர் ஒன்றை நானும் ஒருவரிடம் வாங்கினேன். மார்கழியில் நன்றாக ஓடியது. சித்திரை வெயிலில், பில் நடுவே நின்றது. நிலுவைப் பேரேடு கெட்டுப்போய், துண்டுச் சீட்டுகளைப் பார்த்து மூன்று இரவு திரும்ப எழுதினோம். சில பாக்கிகள் எழுதவே படவில்லை. மிச்சம் பிடித்தது சில ஆயிரம். போனது அதைவிட அதிகம்.

உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. பில் போட, இருப்புப் பார்க்க, சாதாரண ரக பிராசஸரே போதும். பூட்டில்லாத "கே" ரகத்துக்குக் கூடுதல் பணம் வேண்டாம்.

2. பிராசஸரின் முழுப் பெயரைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் திரையில் ஒத்துப் பாருங்கள்.

3. புது மாடல் வருமுன் பேசப்படும் விலையை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். புதியது இறங்கியதும் பழையது விலை குறைகிறதா என்று விசாரித்து வாங்குங்கள்.

4. கணக்கு உள்ள இயந்திரத்தில் வேகம் ஏற்றாதீர்கள். தினமும் கடை அடைக்குமுன் கணக்குக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

ஐம்பது கிலோ தாங்கும் சாக்கில் அறுபது கிலோ திணிக்கலாம். தையல் விடுவது நம் கடை வாசலிலா, வாடிக்கையாளர் வீட்டு வாசலிலா என்பதுதான் தெரியாது.