பேனல் தாங்கும், போல்ட் தாங்குமா?

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில், ஒரு மொட்டைமாடி. ஒரு பாதியில் நெத்திலி காய்கிறது. மறு பாதியில் நாலு சோலார் பேனல். வீட்டுக்காரர் குனிந்து, பேனலைத் தாங்கும் இரும்புக் காலில் இருந்த நட்டு ஒன்றை விரலால் நெருடினார். அது அப்பளம் போல நொறுங்கி உதிர்ந்தது. உள்ளங்கை முழுக்கச் செம்பழுப்புத் தூள்.

"மூணு வருசம்கூட ஆவல சார். கடல் காத்துக்கு சோலார் ஆவாதுன்னு ஊர்ல அப்பவே சொன்னாங்க. நாந்தான் கேக்கல."

பேனலின் கண்ணாடியைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அலுமினியச் சட்டம் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். இன்வெர்ட்டரின் சின்னத் திரையில் அன்று நண்பகலுக்குள் 4 யூனிட் ஓடியிருந்தது. இரண்டு கிலோவாட் அமைப்புக்கு அது நல்ல கணக்கு. அவர் ஏமாந்தது நிஜம். ஆனால் ஊர் சொன்ன காரணம் தவறு. கெட்டது பேனல் இல்லை, அதை நிறுத்தி வைத்திருந்த மலிவு இரும்பு.

கடலோரத்தில் சோலார் பற்றிப் புழங்கும் நம்பிக்கைகளில் பாதி இப்படித்தான். நோய் ஓரிடம், பழி வேறிடம்.

பேனலின் முகம் கெட்டிப்படுத்திய கண்ணாடி. உள்ளே சிலிக்கான் செல்கள், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டி மூடப்பட்டவை. உப்புக்காற்று உள்ளே போக வழியில்லை. உப்புப் பனியைத் தெளித்துத் தெளித்துச் சோதிக்க ஐஇசி 61701 என்றே ஒரு தரக்குறியீடு உண்டு. பேனல் வாங்கும்போது அந்தச் சான்றிதழைக் கேட்டால் போதும். உப்பு புகுந்து விளையாடுவதெல்லாம் வெளியே இருப்பவற்றில்தான்: இரும்புக் கால், கிளாம்ப், நட்டு, போல்ட், எர்த் கம்பியின் முனை, சரியாக அழுத்தி மூடாத வயர் கனெக்டர்.

ஜிஐ என்று சொல்லி விற்கும் குழாய்களில் பலவற்றுக்குத் துத்தநாகப் பூச்சு காகிதக் கனம்தான். கடலோரத்துக்கு வேண்டியது, உருக்கிய துத்தநாகத்தில் முழுசாக முக்கி எடுத்த 'ஹாட் டிப்' இரும்பு. அதிலும் ஒரு வில்லங்கம். மாடியில் வைத்து அறுத்தாலோ துளை போட்டாலோ, அறுத்த வாயில் பச்சை இரும்பு தெரியும். துரு முதல் அடி வைப்பது அங்கே. அந்த இடத்தில் துத்தநாகப் பெயின்ட் அடிக்காமல் இறங்கிப் போகும் ஆளுக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். போல்ட் எஸ்எஸ் 316ஆக இருக்கட்டும். 304ஐவிட விலை கூடுதல்தான், ஆனால் அதில் கலந்திருக்கும் மாலிப்டினம் உப்பை நன்றாகத் தாங்கும். வேறு வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அதுவே ஒரு குட்டி பேட்டரி, ஒன்று மற்றதைத் தின்றுவிடும். அலுமினியச் சட்டமும் இரும்புக் காலும் தொடும் இடத்தில் ரப்பரோ நைலானோ வாஷர் வைப்பது இதற்காகத்தான்.

எனக்கு வியப்பு என்னவென்றால், இதெல்லாம் அந்த ஊருக்குத் தெரியாத சங்கதி இல்லை. படகு எஞ்சினுக்கு போல்ட் வாங்கும்போது "எஸ்எஸ் குடுப்பா" என்று அதட்டிக் கேட்கும் அதே மனிதர், மாடிக்கு வாங்கும்போது சோலார்காரர் கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார். பேனலைப் படகாக நினைக்காததுதான் பிழை.

படகு என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. "பேனல் ஒண்ணு 28 கிலோ சார், அது எங்க பறக்கும்?" என்று கேட்டார்கள். பறக்கும். சென்னையை ஒட்டிய கடற்கரையில் கட்டுமானங்களைக் கணக்கிட ஐஎஸ் 875 தரக்குறியீடு சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகக் காற்று ஒரு சதுர மீட்டரை ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். இன்றைய 540 வாட் பேனல் ஒன்றின் பரப்பு இரண்டரைச் சதுர மீட்டருக்கு மேல். காற்று அடியில் புகுந்து தூக்கினால் ஒரு பேனலுக்கு 400 கிலோ அளவுக்கு இழுப்பு. பாய் விரித்த படகு எப்படி ஓடும் என்று அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் கரையேறியது இந்தக் கடற்கரையில்தான்.

கருவாடு காயப்போட இடம் வேண்டும் என்று பேனலை எட்டடி உயரத்தில் பந்தல் போல ஏற்றுகிறார்கள். ஆசை நியாயமானது. ஆனால் உயரம் கூடினால் காற்றின் பிடியும் கூடும், இரும்பும் அதற்கேற்பக் கூட வேண்டும். தளத்தின் மேல் சிமெண்ட் கட்டியை வைத்து அதில் காலை நட்டால் போதாது, தளத்தின் கான்கிரீட்டோடு பிணைக்க வேண்டும். (கருவாடு இருக்கும் இடத்தில் காக்கை இருக்கும், காக்கை இருக்கும் இடத்தில் எச்சம் இருக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.)

"எங்க ஊர் வெயிலுக்கு கரண்ட்டு கொட்டும்" என்பது அடுத்தது. கத்திரி வெயிலில் பேனல் உச்சத்தில் இருக்கும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். பேனல் உண்பது வெளிச்சத்தை, சூட்டை அல்ல. அட்டையில் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கு, செல்லின் சூடு 25 டிகிரியில் இருக்கும்போது ஆய்வுக்கூடத்தில் அளந்தது. மே மாத நண்பகலில் செல் 60 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு குறையும். ஆக, உச்சி வெயிலில் பத்து முதல் பதினான்கு விழுக்காடு வரை போய்விடுகிறது. வானம் தெளிந்து, சூடு ஏறாத மாசி பங்குனிதான் இங்கே நல்ல அறுவடைக் காலம். இந்த விஷயத்தில் கடற்காற்று வில்லன் இல்லை, கூட்டாளி. பிற்பகலில் ஏரி மேல் வீசும் காற்று பேனலின் முதுகைத் தட்டித் தணிக்கும். அதற்காகவே பேனலுக்கும் தளத்துக்கும் நடுவில் இடைவெளி விட வேண்டும்.

மேகம் வந்தால் சுத்தமாக நிற்காது, கனத்த மேகத்தில் பத்து முதல் இருபத்தைந்து விழுக்காடு வரும். ஐப்பசி, கார்த்திகையில் குறைவு, அது தெரிந்ததுதான்.

நிழலை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒற்றைத் தென்னங்கீற்றின் நிழல் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு, கரைவலை இழுப்பதை நினைவுபடுத்துவேன். ஒரே கயிற்றில் இருபது பேர். நடுவில் ஒருவன் கால் வழுக்கினால் அவன் பங்கு மட்டுமா குறைகிறது? மொத்தக் கயிறும் தயங்கும். பேனலில் செல்களும் அப்படியே, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. நிழல் விழுந்த செல் மின்னோட்டத்தைத் தடுக்கும், தடுப்பதோடு தானும் சூடாகும். இதைச் சமாளிக்க ஒவ்வொரு பேனலிலும் பெரும்பாலும் மூன்று பைபாஸ் டயோடு இருக்கும். நிழல்பட்ட பகுதியை விட்டு மின்னோட்டம் சுற்றிப் போகும். ஆனால் அந்தப் பகுதியின் உற்பத்தி போனது போனதுதான். பல நாள் ஒட்டிக் கிடக்கும் காக்கை எச்சமும் இதே வேலையைச் செய்யும். தூசியைவிட எச்சம் மோசம்.

அதைக் கழுவ அடிபம்புத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறார்கள். குடிக்க முடியாத அந்த உவர்நீர், கண்ணாடியில் காய்ந்தால் வெள்ளைப் படலமாகப் படியும். பிறகு அதைச் சுரண்டக் கம்பி நார் எடுப்பார்கள், கதை முடிந்தது. விடியற்காலையில் பனி ஈரம் இருக்கும்போதே மெல்லிய துணியால் துடைப்பது செலவில்லாத வழி. இல்லையென்றால் பிடித்து வைத்த மழைத்தண்ணீர். கொதிக்கும் கண்ணாடியில் நடுப்பகலில் குளிர்ந்த நீர் வேண்டாம். இந்த ஊர் 13 டிகிரி சொச்சம் அட்சரேகையில் இருப்பதால், தெற்குப் பார்த்து 13 டிகிரி சாய்வு போதும். அந்தச் சரிவில் பெருமழையே பாதி வேலையைப் பார்த்துவிடும்.

இனி பணம் சம்பந்தப்பட்டது.

"சோலார் வச்சா கரண்ட் கட்டே கிடையாது." இதை நம்பி வாங்கி, முதல் புயலில் இருட்டில் உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர். மானியத்தோடு வரும் வழக்கமான அமைப்பு ஈபி லைனோடு இணைந்தது. லைனில் மின்சாரம் நின்ற கணமே இன்வெர்ட்டரும் தன்னை நிறுத்திக்கொள்ளும். பழுது அல்ல, சட்டமே அதுதான். உங்கள் மாடியிலிருந்து போகும் மின்சாரம், கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனைக் கொன்றுவிடக் கூடாதல்லவா. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னைச் சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பேட்டரி இல்லாத சோலார் வீடும், சோலாரே இல்லாத வீடும் அன்று ஒன்றுதான்.

புயல் நாளுக்கும் விளக்கு வேண்டுமென்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். கணக்கு எளிது. இரண்டு சாதா ஃபேன் 150 வாட், நாலு எல்இடி பல்ப் 36 வாட், மொத்தம் 186. ஒரு 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் ட்யூபுலர் பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-அவர். லெட் ஆசிட் வகையைப் பாதிக்கு மேல் வடிய விட்டால் ஆயுள் போய்விடும், ஆக கைக்கு வருவது 900. ஐந்து மணி நேரத்துக்குள் தீரும். அதே ஃபேன்களை 30 வாட் பிஎல்டிசி ஆக மாற்றினால் மொத்தமே 96 வாட், ஒன்பது மணி நேரம் கிடைக்கும். இரவு முழுவதும் தூங்கலாம். பெரிய பேட்டரி விற்கவரும் ஆளிடம் முதலில் ஃபேன் விலையைக் கேளுங்கள்.

"சோலார்னா அஞ்சு லைட்டு எரியும், அவ்ளோதான்" என்பது இதற்கு நேர்மாறான நம்பிக்கை. இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 2011இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரியசக்தி பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீட்டுக்குச் சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்குகள் கொடுத்தார்கள். ஊர் மனதில் சோலாரின் அளவு அத்தோடு நின்றுவிட்டது. இன்று ஒரு கிலோவாட் பேனல், ஆண்டுச் சராசரியில் நாளுக்கு 4 யூனிட் தரும். இரண்டு கிலோவாட் இருந்தால் ஃபிரிட்ஜ், மோட்டார், டிவி எல்லாம் அடங்கிவிடும்.

"மாசம் 300 யூனிட் கவர்மென்ட்டு ஃப்ரீயா குடுக்குது" என்றும் ஒரு பேச்சு. 2024 பிப்ரவரியில் அறிவித்த பிஎம் சூர்ய கர் திட்டத்தை இப்படிக் காதில் வாங்கியிருக்கிறார்கள். யாரும் 300 யூனிட்டை மூட்டை கட்டி அனுப்புவதில்லை. மாடியில் 3 கிலோவாட் போட்டால் மாதம் ஏறக்குறைய அந்த அளவு உங்கள் பேனலே தரும், அதைப் போட மத்திய அரசு உதவும். உதவி இவ்வளவு: முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் 78,000தான். உள்நாட்டில் தயாரான பேனலாக இருக்க வேண்டும். இணைப்பு கொடுத்து முடித்த பிறகே தொகை வங்கிக் கணக்குக்கு வரும், ஆகவே முன்பணம் உங்களுடையது.

யார் போடக் கூடாது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஃபேனும் விளக்கும் டிவியும் மட்டும் உள்ள பல குப்பத்து வீடுகளின் கணக்கு அதற்குள்ளோ, சற்று மேலேயோ நின்றுவிடும். அந்த வீட்டுக்கு சோலார் மிச்சப்படுத்தப் போவது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் காசை வலைக்குப் போடுங்கள். மீன் வைக்க ஃப்ரீசர், ஏசி, மோட்டார் என்று இரண்டு மாதத்துக்கு 400, 500 யூனிட் ஓடும் வீட்டுக்குத்தான் இது லாபம். 500ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் சேர்ந்து மாறுகிறது என்பதால், அந்தக் கோட்டுக்கு அப்பால் இருப்பவர்களுக்கு இன்னும் லாபம்.

அளவைத் தீர்மானிக்க ஓர் ஆண்டு ஈபி பில்லை எடுத்து வையுங்கள். இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் என்றால் நாளுக்கு 8, நாலால் வகுத்தால் 2 கிலோவாட். நிழலில்லாத 200 சதுர அடி மாடி வேண்டும். பேனலின் திறன் ஆண்டுக்கு அரை விழுக்காடு போலத்தான் தேயும், 25 ஆண்டு ஓடும். இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறையாவது மாற்ற வேண்டி வரும். அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். விலைப்பட்டியல் வாங்கும்போது பேனல் பிராண்டு எல்லோரும் கேட்பதுதான். கால் ஹாட் டிப்பா, போல்ட் எந்த எஸ்எஸ், காற்று எவ்வளவு வேகத்துக்குக் கணக்குப் போட்டது, இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னது உப்புக்காற்றில் நிற்காது.

அந்த மாடிக்காரருக்கு இப்போது மாற்ற வேண்டியது கால்களும் சில டஜன் போல்ட்டும்தான், பேனலைக் கழற்றி விற்க வேண்டியதில்லை. பகல் வெளிச்சத்தில் பேனல் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், அதனால் நீங்களாகத் தொடாமல் தெரிந்த ஆளை வைத்து, ஐப்பசிக்கு முன் முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்கள் மாடியிலும் பேனல் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஏறி அதன் காலில் ஒரு நட்டை நெருடிப் பாருங்கள்.