மார்கழி மழையில் மலைப்பாதைப் பயணம்

சங்கரன்கோவில் வட்டாரத்து மல்லிகையும் பிச்சியும், புளியங்குடி எலுமிச்சையும் செங்கோட்டை வழியாகக் கேரளச் சந்தைகளுக்குச் செல்வதை நீங்கள் அறிவீர்கள். நம் கரிசல் காட்டில் வெயில் அடிக்கும்போதே புளியரைக்கு மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். இங்குள்ள வானத்தைப் பார்த்து அங்குள்ள பாதையைக் கணித்தல் தவறாகும்.

பனிக்காலத்தில் மல்லிகை விளைச்சல் குறைந்து விலை ஏறுகிறது. ஆகவேதான் மழை எச்சரிக்கை இருந்தும், "எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடு" என்று ஓட்டுநரை நாம் அவசரப்படுத்துகிறோம். போதாததற்குக் கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வாகனங்களும் அதே சாலையில் நெருக்கியடித்துச் செல்லும்.

வானிலை நிலையம் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் மழையை எதிர்பார்த்தால் சிவப்பு எச்சரிக்கை விடுக்கிறது. அன்று மலையேற வேண்டாம். ஆரஞ்சு எச்சரிக்கை நாளில் பகல் வெளிச்சத்தில் மட்டும் செல்லலாம். அதுவும் புளியரையில் விசாரித்த பிறகே.

புளியரைக்கும் கோட்டைவாசலுக்கும் இடையிலுள்ள வளைவுகளில் மூடுபனி இறங்கினால் முன்செல்லும் லாரி தெரியாது. முகப்பு விளக்கைத் தாழ்த்தி எரிய விடுங்கள். உயர்த்தினால் பனி வெண்திரைபோல் கண்ணைக் கூசச் செய்யும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்குவது சில ஓட்டுநர்களின் பழக்கம். பிரேக் சூடேறிப் பிடிக்காமற் போவது பெரும்பாலும் இதனால்தான். நனைந்த சரக்கு எடை கூடும் என்பதால் தார்ப்பாயை இறுகக் கட்டுக.

சரிவிலிருந்து சிறு கற்கள் உருண்டாலும், தெளிந்து ஓடிய நீர் திடீரெனச் செம்மண் கலங்கலானாலும், மரங்கள் சாய்ந்து நின்றாலும் மண் சரியப் போகிறது என்று கொள்க. அவ்விடத்தில் வண்டியை நிறுத்தாமல் அகன்றுவிட வேண்டும். தரைப்பாலத்தில் ஓடும் நீர் ஓரடி ஆழமிருந்தால் சிறு காரை நகர்த்தும். இரண்டடி பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் செல்லும்.

எலுமிச்சை சில நாள் தாங்கும், காத்திருக்கலாம். மொட்டு காத்திராது. அதனை நாகர்கோவில் வழியாக அனுப்பலாம். தூரம் கூடுதல், ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய் தாழ்வானது. எனினும் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பெய்தபோது திருநெல்வேலி நகருக்குள்ளேயே தாமிரபரணி புகுந்தது. ஆகவே சுற்றுவழியையும் கேட்டறிந்தே வண்டியை எடுக்கவும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.