தனித்துப்போன கோழிக்கு

கொல்லையிலோ மொட்டைமாடியிலோ ஆசைக்கு இரண்டு கோழி வளர்க்கும் வீடுகள் இப்போது நிறைய. இரண்டில் ஒன்று செத்துப்போனால் மற்றது மூலையில் ஒடுங்கி நிற்கும். குரல் கொடுத்துக்கொண்டே வீட்டைச் சுற்றிவரும். தீனியைத் தொடாது. "ஏக்கத்துல இருக்கு, நாலு நாள்ல சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறோம். ஏக்கமாகவும் இருக்கலாம், முதல் கோழியைக் கொண்டுபோன நோயாகவும் இருக்கலாம். சுணங்கி நிற்கும் கோழியை எட்ட நின்று பார்த்து இது எது என்று சொல்லிவிட முடியாது. ஆகவே முதலில் நோயைப் பாருங்கள். துணை தேடுவது அடுத்த வேலை.

1. செத்த கோழியைப் புதைக்கும் முன் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். கடித்த காயம் உண்டா, ஆசனவாயைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா, கடைசி நாளில் கழுத்து முறுக்கிக்கொண்டதா, வாயைப் பிளந்து மூச்சு வாங்கியதா? பச்சைக் கழிச்சலும் கழுத்து முறுக்கலும் இருந்தால் வெள்ளைக்கழிச்சல் என்கிற இராணிக்கெட் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். அது தொற்றிய கோழி அறிகுறி காட்டப் பெரும்பாலும் ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். எனவே மிஞ்சிய கோழி இன்று தெளிவாக இருக்கிறது என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. காரணமே புரியாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் உடற்கூறாய்வு செய்ய முடியுமா என்று கேளுங்கள். கொண்டுபோகும்வரை உடலைப் பாலிதீன் பையில் கட்டி ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைக்க வேண்டும். ஃப்ரீசரில் உறையவைத்தால் ஆய்வு கெட்டுவிடும்.

2. நோயில் செத்ததைக் குழம்பு வைக்கவே கூடாது. வாய்க்காலில் வீசுவதும் குப்பையில் போடுவதும் நாய்க்கும் காகத்துக்கும் நோயைப் பந்தி வைப்பதுதான். மூன்றடிக் குழி, மேலே சுண்ணாம்பு, பிறகு மண். கையில் உறையோ பாலிதீன் பையோ மாட்டிக்கொள்ளுங்கள். தெருவில் பல வீட்டுக் கோழிகள் ஒரே நேரத்தில் செத்தால் உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலா என்று பார்க்க வேண்டியது அவர்கள் பொறுப்பு.

3. உடலை மற்றக் கோழிக்குக் காட்ட வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. முதுமையிலோ அடிபட்டோ செத்திருந்தால் சற்று நேரம் பக்கத்தில் விடுவதில் தவறில்லை. நோய் என்று சந்தேகம் இருந்தால் அந்த யோசனையே வேண்டாம்.

4. கீரியோ மரநாயோ தெருநாயோ பிடித்திருந்தால் அது மறுபடி வரும். ருசி கண்ட இடத்தை அது விடாது. அன்று பொழுது சாய்வதற்குள் கூண்டைப் பழுது பாருங்கள். கோழி வலை என்று விற்கும் மெல்லிய அறுகோணக் கம்பியை நாய் ஒரே இழுப்பில் கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டுமெஷ்தான் நம்பகமானது. தாழ்ப்பாளில் ஒரு கொக்கி கூடுதலாகப் போடுங்கள். இரண்டு கோழி இருந்தபோது ஒன்று மேயும், ஒன்று நிமிர்ந்து வானத்தைப் பார்க்கும். இப்போது காவலும் மேய்ச்சலும் ஒரே கோழியின் தலையில். காக்கை நிழல் பட்டாலும் அது பதறி ஓடுவது இதனால்தான். தலைக்கு மேல் கீற்றோ பழைய புடவையோ கட்டிவிட்டால் பாதிப் பயம் குறையும்.

5. தினம் காலை மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது எச்சம்: பழுப்பு, அதன்மேல் வெள்ளை என்று இருந்தால் சரி. இடையிடையே சாக்லேட் நிறக் குழம்பாகப் போவதும் இயல்புதான், பயப்பட வேண்டாம். இரண்டாவது கொண்டை: முட்டைக் கோழிக்குச் சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறினால் செள்ளோ குடற்புழுவோ இருக்கலாம். நீலம் பாய்ந்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மூன்றாவது கழுத்துக்குக் கீழே உள்ள தீனிப்பை: இரவு அடையும்போது நிறைந்தும், விடியும்போது காலியாகவும் இருக்க வேண்டும். காலையிலும் மாவு உருண்டைபோல் கெட்டியாக இருந்தால் அது ஏக்கம் இல்லை, செரிமானக் கோளாறு.

6. கோழி தனியாகச் சரியாகத் தின்னாது. இன்னொன்று கொத்துவதைப் பார்த்தால்தான் இதற்கும் கொத்தத் தோன்றும். நீங்கள் செய்யக்கூடியது, பக்கத்தில் குந்தி, ஆள்காட்டி விரலால் தீனியின்மேல் டக் டக் என்று தட்டுவது. தாய்க்கோழி குஞ்சுக்கு இரை காட்டுவது அப்படித்தான். வளர்ந்த கோழிகளும் பல சமயம் எட்டிப் பார்த்துக் கொத்தத் தொடங்கும். ஊறவைத்த குருணை, கம்பு, மசித்த அவித்த முட்டை, நறுக்கிய முருங்கைக்கீரை என்று ஆசை காட்டுங்கள். ரசம் சாதம், ஊறுகாய், வறுத்த அப்பளம் வேண்டாம். கோழிக்கு உப்பு ஆகாது. முட்டையிடும் பண்ணை ரகக் கோழி நாளுக்கு 100 முதல் 120 கிராம் தின்னும், கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும், வெயிலில் இன்னும் கூட. நாட்டுக்கோழிக்கு இதைவிடக் குறைவு போதும். ஒரு முழுநாள் எதையும் தொடவில்லை என்றால் காத்திருக்காதீர்கள்.

7. வேலை கொடுங்கள். கிண்ணத்தில் கொட்டும் தானியத்தை வைக்கோலில் தூவினால் கிளறித் தேடுவதிலேயே காலைப்பொழுது போகும். கீரைக்கட்டைத் தலை உயரத்தில் கயிற்றில் தொங்கவிடலாம். எல்லாவற்றையும்விட நல்ல தீனி கரையான். பழைய மண்பானையில் நனைந்த கோணிக் கிழிசல், காய்ந்த சாணம், வைக்கோல் அடைத்துக் கரையான் நடமாட்டம் உள்ள மண்ணில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் திறந்து உதறினால் போதும், சோர்ந்திருந்த கோழிக்கும் கால் தானாக நகரும். வீட்டு மரச்சட்டத்துக்குப் பக்கத்தில் இந்த வைத்தியம் வேண்டாம்! புரள ஒரு குழியில் மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து வையுங்கள், செள்ளும் கட்டுப்படும்.

8. இரவில்தான் தனிமை அதிகம் தெரியும். கோழிகள் உடம்போடு உடம்பு ஒட்டித் தூங்கிப் பழகியவை, இருட்டில் கண்ணும் சரியாகத் தெரியாது. பெரிய கூண்டானால் அட்டையால் தடுத்துச் சிறிதாக்குங்கள். மார்கழி, தை பனிக்குக் கூண்டின் ஒரு பக்கம் சாக்கு கட்டலாம், காற்றோட்டத்தை முழுதும் அடைத்துவிடாமல். இருக்கும் இடத்தை இந்தச் சமயத்தில் மாற்றாதீர்கள்.

9. கண்ணாடி வைத்தால் சில கோழிகள் அதன் பக்கத்திலேயே அமைதியாக நிற்கும். சில திரும்பியே பார்க்காது. சேவலானால் பிம்பத்தோடு சண்டைக்குப் போய் அலகை உடைத்துக்கொள்ளும், அதற்கு வேண்டாம். இது சில நாள் ஒப்பேற்றும் ஏற்பாடு மட்டுமே.

10. நீங்களும் ஓர் ஒப்பேற்றல்தான். பக்கத்தில் உட்காருங்கள், பேசுங்கள், வெளியே போகும்போது ரேடியோவைச் சத்தம் குறைத்து வைத்துவிட்டுப் போங்கள். ஆனால் சமையலறைக்குள் கூட்டிவைக்காதீர்கள், குழந்தைகள் முத்தம் கொடுக்க விடாதீர்கள். ஆரோக்கியமான கோழியின் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும், தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். கை நீட்டியதும் பெட்டை சிறகை லேசாக விரித்துத் தரையில் பதுங்கினால் நோய் என்று பதற வேண்டாம். முட்டைப் பருவத்துப் பெட்டை சேவலுக்குப் பணியும் விதம் அது. சேவல் இல்லாத வீட்டில் அந்த மரியாதை உங்களுக்குக் கிடைக்கிறது.

11. முட்டை நின்றுபோனால் இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். அதிர்ச்சியிலும் நிற்கும், சிறகு உதிரும் பருவத்திலும் நிற்கும். கிளிஞ்சல் தூள் மட்டும் தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும்.

12. மறுநாளே சந்தைக்கு ஓடாதீர்கள். மிஞ்சிய கோழிக்கு நோய் இருந்தால் புதியதும் போய்விடும், புதியதில் இருந்தால் மிஞ்சியதும் போய்விடும். மூன்று வாரம் கழியட்டும், கூண்டைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி வெயிலில் காயவையுங்கள். தெருவில் கூவி விற்கும் சாயம் பூசிய குஞ்சுகள் பரிதாபமாகத்தான் இருக்கும். அவை பெரும்பாலும் முட்டைக் கோழிப் பண்ணைகள் ஒதுக்கிய ஆண் குஞ்சுகள். முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வெப்பம் இல்லாமல் தங்காது, தங்கினால் சேவலாகும். உங்கள் கோழிக்கு இரண்டு வகையிலும் துணை இல்லை.

13. ஒன்றாக வாங்காமல் இரண்டாக வாங்குங்கள், ஒரே வீட்டில் சேர்ந்து வளர்ந்தவையாக. கொத்து இரண்டாகப் பிரியும், அடுத்த முறை ஒன்று போனாலும் மற்றவை தனித்துப்போகாது. உருவம் ஒத்திருக்கட்டும். கண்ணை மறைக்கும் கொண்டைக்கோழி அடி வாங்கிக்கொண்டே இருக்கும். அசில் பெட்டை என்றால் அடிப்பது அதுவாக இருக்கும். ஒற்றைப் பெட்டைக்கு ஒரு சேவலைக் கொண்டுவருவது ஊரெல்லாம் செய்வது, எனக்கு உடன்பாடில்லை. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது கணக்கு. ஒன்றுக்கு ஒன்று என்றால் முதுகுச் சிறகெல்லாம் போய்த் தோல் தெரியும்.

14. வான்கோழி துணை ஆகாது. கோழிக்கு ஒன்றும் செய்யாமல் அதன் குடலில் தங்கும் கிருமி வான்கோழியைக் கொன்றுவிடும். வாத்து இடத்தையெல்லாம் சேறாக்கும். கின்னிக்கோழி அதட்டும். ஆடு பரவாயில்லை.

15. புதிதாக வந்தவை முதல் 30 நாள் தனியே. முடியாத வீட்டில் இரண்டு வாரமாவது. பழைய கோழிக்குத் தீனி வைத்த பிறகு புதியவற்றிடம் போக வேண்டும், திரும்பி வரக்கூடாது. தண்ணீர்த் தட்டும் செருப்பும்கூட வேறு. குடற்புழு மருந்தை இந்த இடைவெளியில் கொடுத்துவிடுங்கள்.

16. பழக்கிவிட நம் ஊர்ப் பஞ்சாரத்தைவிட நல்ல கருவி இல்லை. முற்றத்தில் புதியவற்றைப் பஞ்சாரம் போட்டு மூடுங்கள், பழையது வெளியே திரியட்டும். மூங்கில் இடுக்கு வழியே ஒன்றையொன்று பார்க்கும், கேட்கும், சீறும், காயம் படாது. இரண்டு பக்கமும் விளிம்பை ஒட்டித் தீனி தூவினால் எதிரெதிரே நின்று தின்னப் பழகும். ஒரு வாரம் போனதும் பொழுது சாயும் நேரத்தில் பஞ்சாரத்தை எடுங்கள். அடையும் அவசரத்தில் சண்டைக்கு நேரம் இருக்காது. மறுநாள் காலை நிச்சயம் கொத்து நடக்கும். கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துவந்த நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே அதை 1920களின் தொடக்கத்தில் விரிவாக எழுதினார். புது ஆள் வந்தால் வரிசை முழுவதும் திரும்பப் போடப்படும். தலையில் ஒரு கொத்து, நாலு எட்டுத் துரத்தல் என்றால் தலையிடாதீர்கள். நீங்கள் பிரித்தால் நாளை முதலிலிருந்து தொடங்கும். தீனித்தட்டும் தண்ணீரும் இரண்டிரண்டு இடத்தில், பதுங்க ஒரு சாய்த்த பலகை. ரத்தம் தெரிந்தால் மட்டும் உடனே பிரியுங்கள். சிவப்பைக் கண்டால் எல்லாம் சேர்ந்து அதே இடத்தில் கொத்தும். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசி, காயம் ஆறியபின் மறுபடி பஞ்சாரத்திலிருந்து தொடங்குங்கள்.

17. உங்கள் நாட்டுக்கோழி அடைக்குப் படுத்திருந்தால் அதிர்ஷ்டம். சிறுவிடைப் பெட்டைகள் இதில் கெட்டி. கருக்கூடிய முட்டை பத்து வைத்தால் 21ஆம் நாள் வீட்டிலேயே கூட்டம் பிறக்கும், பாதி சேவலாக இருக்கும் என்பதை மறக்காமல். அல்லது சில நாட்கள் அடைகிடந்த பிறகு, பிறந்து ஓரிரு நாளான குஞ்சுகளை நள்ளிரவில் அடியில் நழுவவிட்டு முட்டைகளை எடுத்துவிடலாம். விடிந்ததும் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். குஞ்சைக் கொத்தினால் உடனே எடுத்துவிட வேண்டும். லெகார்ன் போன்ற வெள்ளைப் பண்ணைக் கோழிகள் அடை உட்காருவது அபூர்வம்.

18. மிஞ்சியது சேவல் என்றால் கூவலில் பெரிய மாற்றம் இருக்காது, எச்சரிக்கைக் குரல்தான் குறையும். பறவைக்குரல் ஆய்வாளர் பீட்டர் மார்லரும் உடன் பணியாற்றியவர்களும் 1980களில் சோதித்தபோது, பக்கத்தில் இன்னொரு கோழி இருந்தால்தான் சேவல் பருந்துக்கு அதிகம் குரல் கொடுத்தது. தனித்துப்போன சேவலுக்கு இரண்டு மூன்று பெட்டையாவது துணை தேவை.

19. மிஞ்சியது கிழடாகிவிட்டதா? வீட்டில் பத்திரமாக வளரும் கோழி 5 முதல் 8 ஆண்டு இருக்கும், சில 10ஐத் தாண்டும். அதற்காகப் புதுக்கோழிகளை வாங்கினால் அவற்றில் ஒன்று கடைசியில் தனித்து நிற்கும், இந்தச் சங்கிலிக்கு முடிவில்லை. அக்கம்பக்கத்தில் சாதுவான கூட்டம் உள்ள வீடு இருந்தால் கொடுத்துவிடுவது நல்லது. அங்கேயும் தனிமைப்படுத்தலும் பஞ்சாரமும் உண்டு. கொடுக்க மனமில்லையா, அதுவும் குற்றமில்லை. தினம் கூடுதலாக ஒரு மணி நேரம் அதோடு உட்கார நேரம் ஒதுக்குங்கள்.

20. தடுப்பூசியை நாட்குறிப்பில் எழுதிவையுங்கள். தமிழ்நாட்டில் கால்நடைத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் கோழிக் கழிச்சல் (இராணிக்கெட்) நோய்க்கு இலவசத் தடுப்பூசி முகாம் நடத்தும். கூடையில் போட்டு விடிகாலையிலேயே கொண்டுபோனால் வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். சுணங்கி நிற்கும் கோழிக்கு அன்று ஊசி வேண்டாம், தேறிய பிறகு மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.