மின் அட்டையில் ஒரு முன்கணிப்புப் பாடம்

கோடையில் மின்கட்டணம் எவ்வளவு வரும்? உடையார்பாளையம் பகுதிப் பெற்றோர் பலருக்கு இது குடும்பச் செலவைத் திட்டமிடும் கேள்வி. ஆசிரியர்களுக்கு இதுவே நல்ல பாடப்பொருள். எட்டாம் வகுப்பில் இரண்டு பாடவேளைகளில் நான் நடத்தும் செயல்பாட்டை இங்கே பகிர்கிறேன்.

முதல் பாடவேளை: கணக்கு

மின் அட்டையிலுள்ள கடைசி ஆறு கணக்கீடுகளின் யூனிட் அளவை மாணவர்கள் குறித்து வர வேண்டும். இரு மாதத்துக்கு ஒரு கணக்கீடு என்பதால் ஓராண்டு விவரம் கிடைத்துவிடும். தாளில் பெயர் எழுதச் சொல்வதில்லை. ஒற்றை விளக்கு எரியும் வீட்டுப் பிள்ளை கூச்சப்படக் கூடாது அல்லவா?

விவரத்தைப் பட்டை வரைபடமாக்கி, வரும் கோடைக்கு ஒரு மதிப்பீடு எழுதுவார்கள். ஒரே எண்ணாக அல்லாமல், ‘480 முதல் 520 வரை’ என்று வீச்சாகச் சொல்லப் பழக்குகிறேன்.

அடுத்து 2022 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டண விகிதத்தைக் கரும்பலகையில் எழுதுவேன். அதன்படி 500 யூனிட்டுக்கு ரூ.1,725, 510 யூனிட்டுக்கு ரூ.2,030. பத்து யூனிட்டுக்கு ரூ.305 கூடுவது ஏன்? கூடுதல் பத்து யூனிட்டின் விலை ரூ.80. மீதி ரூ.225, 500ஐத் தாண்டியதால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இழந்த சலுகை. 75 வாட் மின்விசிறியை நாளுக்கு இரண்டேகால் மணி நேரம் நிறுத்தினால், 60 நாளில் அந்தப் பத்து யூனிட் மிச்சமாகும். தற்போதைய விகிதத்தில் இதையே வீட்டுப்பாடமாகத் தரலாம்.

இரண்டாம் பாடவேளை: காரணங்கள்

2024 மே 2 அன்று தமிழகத்தின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் சூரிய மின்சாரம் கைகொடுக்கும். மாலையில் அது நின்றதும் அனல்மின் நிலையங்களும் வெளிக்கொள்முதலும் ஈடுகட்ட வேண்டும். மின்சந்தையில் 15 நிமிடத்துக்கு ஒரு விலை. உக்ரைன் போரையொட்டி நிலக்கரி விலை ஏறிய 2022இல், யூனிட்டுக்கு ரூ.12 என உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 2023இல் அது ரூ.10 ஆனது. தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் காற்றாலை மின்சாரம் பெருகி நெருக்கடி தணியும்.

சந்தை விலை ஏறிய அன்றே வீட்டுக் கட்டணம் ஏறாது. கொள்முதல் செலவு பின்னர் கட்டணத் திருத்தமாகவோ அரசு மானியமாகவோ வெளிப்படும். எனவே குறுகிய காலத்தில் நம் வீட்டுக் கட்டணத்தைப் பெரிதும் தீர்மானிப்பது நாம் செலவிடும் யூனிட்தான். அதை முன்கூட்டியே கணிக்க மாணவரால் முடியும்.

கோடைக் கணக்கீடு வந்தபின் மதிப்பீட்டோடு ஒப்பிடச் செய்யுங்கள். வீச்சுக்கு வெளியே போனவர்கள் காரணம் எழுதட்டும்; மதிப்பெண் அந்தக் காரணத்துக்கே.