பத்திரிகைச் செய்தியும் நம் பிள்ளைகளின் பொருளாதாரப் பாடமும்

 

நம் பிள்ளைகளில் சிலர் இடைநிலைப் பள்ளியில் பொருளியலை ஒரு பாடமாக எடுத்துப் படிக்கிறார்கள். தேவை, அளிப்பு, உச்ச விலை, மாற்றுப் பண்டம் என்று எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கவும் செய்கிறார்கள். ஆயினும், கடைக்கு வந்தவர் ஒருவர், "தம்பி, அரிசி விலை ஏன் ஏறிற்று?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். புத்தகம் ஒரு பக்கமும் கடை ஒரு பக்கமுமாக நிற்பதே இதற்குக் காரணம். இரண்டையும் இணைப்பதற்கு அன்றாடப் பத்திரிகையைவிட நல்ல சாதனம் வேறில்லை. அதை வைத்துப் பாடம் சொல்லப் பெரிய பட்டம் தேவையில்லை; கொள்முதலும் விற்பனையும் அறிந்த நம்மாலேயே முடியும்.

விலையைப் பற்றிய எந்தச் செய்தியானாலும் பிள்ளைகளிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். முதலாவது: மாறியது வரத்தா, கிராக்கியா? இரண்டாவது: அதைக் கண்டு யார் யார் என்னென்ன செய்தார்கள்? மூன்றாவது: முடிவில் பாரம் யார் தலையில் இறங்கிற்று?

இதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். 2023 ஜூலை 20 அன்று, பாசுமதி அல்லாத வெள்ளையரிசியை ஏற்றுமதி செய்யலாகாது என்று இந்தியா தடை விதித்தது. அந்நாட்டில் அரிசி விலை ஏறியதும், மழை குறைந்துவிடுமோ என்ற அச்சமும் அதற்குக் காரணங்கள். உலகச் சந்தைக்கு வந்த அரிசியில் ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு இந்தியாவினுடையது. ஆகவே, வாங்குவோர் தாய்லாந்தையும் வியட்நாமையும் நாடினார்கள். அங்கும் விலை ஏறிற்று. முதற் கேள்விக்கு விடை இதுதான்: குறைந்தது வரத்து. இந்திய அரிசியைத் தொடாதவனுக்கும் ஏன் விலை ஏறிற்று என்பதும் இதிலேயே விளங்கும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அரிசி இறக்குமதியை ஏகபோகமாக நடத்தும் பெர்னாஸ் நிறுவனம், 2023 செப்டம்பர் 1 முதல் இறக்குமதி வெள்ளையரிசியின் விலையை டன் ஒன்றுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்த்திற்று. உயர்வு எத்தனை சதவீதம் என்று பிள்ளைகளையே கணக்கிடச் சொல்லுங்கள். 36 சதவீதம் வரும். பத்துக் கிலோவுக்கு 32 வெள்ளி என்றாகிறது. லாரிக் கூலியும் கடைக்காரர் இலாபமும் இதில் சேரவில்லை. உள்நாட்டு வெள்ளையரிசிக்கோ பத்துக் கிலோவுக்கு 26 வெள்ளி என்று அரசாங்கம் உச்ச விலை வைத்திருந்தது.

இந்த இடத்தில் பத்திரிகையை மூடிவிட்டு, "மக்கள் என்ன செய்திருப்பார்கள்?" என்று கேளுங்கள். இறக்குமதி அரிசி தின்றவர்களும் உள்நாட்டு அரிசிக்குத் திரும்பினார்கள். விலை ஏற வழியில்லை. இருப்பு மட்டும் தீர்ந்தது. பல கடைகளில் உள்நாட்டு அரிசி கண்ணில் படவில்லை. மாற்றுப் பண்டம், உச்ச விலை, பற்றாக்குறை ஆகிய மூன்று பாடங்களும் ஒரே அரிசி மூட்டைக்குள் இருக்கின்றன. பாரம் யார் மேல் விழுந்தது என்பதையும் பிள்ளைகள் எளிதில் கண்டுகொள்வார்கள். கைப்பணம் உள்ளவன் விலை கொடுத்து வாங்கினான். நாட்கூலிக்காரன்தான் கடை கடையாக அலைந்தான்.

இந்தியாவைக் குறை சொல்லுமுன் மற்றொரு செய்தியையும் காட்ட வேண்டும். 2022 ஜூன் 1 அன்று நம் மலேசியாவே கோழி ஏற்றுமதியை நிறுத்திற்று. அதுவரை மாதந்தோறும் 36 இலட்சம் கோழிகள் அனுப்பப்பட்டு வந்தன. தட்டுப்பாடு சிங்கப்பூரில் தெரிந்தது. அதற்குச் சற்று முன்பு, 2022 ஏப்ரல் 28 முதல் மே 23 வரை, இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைத் தடுத்தது. ஆலைகளின் தொட்டிகள் நிரம்பின. அங்குள்ள சிறு தோட்டக்காரரின் செம்பனைக் குலைகளுக்கு விலை விழுந்தது. செம்பனையை நம்பி வாழும் நம் சாஆ வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும். தடை போடும் நாட்டில் வாங்குபவனுக்கு நன்மையானால், விளைவிப்பவனுக்கு நஷ்டம்.

இனி, நம் மார்க்கம் கேட்கும் நான்காவது கேள்வி: இந்நிலையில் முஸ்லிம் வணிகன் என்ன செய்ய வேண்டும்? மதீனாவில் விலைவாசி ஏறியபோது விலையை நிர்ணயிக்குமாறு சிலர் வேண்டினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், விலையின் ஏற்றத்தாழ்வு அல்லாஹ்வின் கையில் உள்ளதெனக் கூறி, எவர் பொருளிலும் அநீதி செய்யாதவராக இறைவனைச் சந்திக்க விரும்புவதாகச் சொன்னார்கள். அதே நாயகம் (ஸல்) அவர்கள்தாம் பதுக்குபவனைப் பாவி என்றும் கூறினார்கள். விலை தானாக ஏறுவது வேறு. ஏறட்டுமென்று சரக்கை மறைப்பது வேறு. இந்த வேற்றுமையைப் பிள்ளைகள் ஐயமறத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சேமிப்பதெல்லாம் பதுக்கலாகாது என்பதற்கு யூசுப் (அலை) அவர்களின் வரலாறு சான்று. செழித்த ஏழாண்டுகளில் தானியத்தைக் காத்தது, பஞ்சத்தில் மக்களுக்கு அளிப்பதற்காக. "பழைய விலைக்கு வாங்கிய மூட்டையைப் புதிய விலைக்கு விற்கலாமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களையே இரு கட்சியாகப் பிரித்து வாதாட விடுங்கள். அடுத்த மூட்டைக்குக் கூடுதல் முதல் வேண்டுமே என்று ஒருவன் சொல்லட்டும். வாடிக்கைக்காரரின் வயிற்றை மற்றவன் நினைவூட்டட்டும். அந்த வாதத்தில் அவர்கள் கற்பது பரீட்சைக்கும் உதவும், கல்லாப்பெட்டியின் முன்னாலும் உதவும்.

இதற்கு வாரம் ஒரு நாள், இஷாவுக்குப் பின் அரை மணி நேரம் போதும். பிள்ளை ஒரு செய்தியைக் கத்தரித்துக் கொண்டுவரட்டும். நாம் அதே பண்டத்தின் கொள்முதல் பில்லை எடுத்து வைப்போம். அடுத்த மாதம் விலை எப்படி இருக்கும் என்று அவன் தேதியிட்டு எழுதட்டும். மாதம் கழித்து ஒத்துப் பார்க்கட்டும். 2024 செப்டம்பரில் இந்தியா அத்தடையை நீக்கிற்று. விலை ஏறிய வேகத்தில் இறங்கிற்றா, இல்லையெனில் ஏன் என்று நம் பழைய பில்களைக் கொண்டே ஆராயச் சொல்லுங்கள்.

கடையை மட்டும் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றால் போதாது. விலையின் காரணத்தை அறியும் அறிவும், அதில் அநீதி செய்யாத நெஞ்சமும் சேர்ந்தால்தான் அக்கடை நிலைக்கும். அல்லாஹ் நம் வியாபாரத்திலும் நம் மக்களின் கல்வியிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.