கழல மறுக்கும் போல்ட்டுகள்

பழைய மோட்டார் வண்டிகளைத் தேடிப் பெற்றுப் புதுக்கி ஓட்டுதலில் இக்காலத்துப் பலர்க்குப் பெருவிருப்பம் உண்டு. அவ்வண்டிகளின் வர்ணத்தையும் தோலிருக்கையையும் வியந்து பேசுவார் பலர். அவற்றிற்கெல்லாம் முன் நிற்கும் ஒரு வேலையைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலர். அவ்வேலையாவது, ஐம்பது அறுபது ஆண்டுகளாக ஒருவர் கையும் படாத போல்ட்டுகளை ஒடியாமற் கழற்றுதல். ஓர் எஞ்சினைப் பிரிக்கும் வேலை ஒரே நாளில் முடிவதும், ஒரு திங்களாகியும் முடியாமற் கிடப்பதும் பெரும்பாலும் இரண்டு மூன்று போல்ட்டுகளால் ஆவனவே.

தமிழ் பயில்வானுக்கு இதில் என்ன வேலை என்று வினவும் அன்பர்கட்கு, விடுமுறை நாட்களை என் சிறிய தந்தையாரின் பட்டறையிற் கழிப்பவன் யான் என்பதே விடை. போல்ட்டை மரையாணி என்றும் நட்டைச் சுரை என்றும் எழுதுவாரும் உளர். அவை நல்ல சொற்களே. ஆயினும் பட்டறையில் அவற்றைச் சொன்னால் ஒருவரும் ஸ்பானரை எடுத்துத் தரார். ஆதலின் போல்ட்டு, நட்டு என்றே ஈண்டு எழுதுகின்றேன்.

முதற்கண் அறிய வேண்டுவது, போல்ட்டு ஏன் கழலவில்லை என்பது. முன்பு பூட்டியவன் மிக இறுக்கிவிட்டான் என்று பலர் எண்ணுவர். உண்மை அஃதன்று. இரும்பு துருவாக மாறுங்கால் பருமனிற் பெருகும். முன்னிருந்த இரும்பைப்போல் இரு மடங்கிற்கு மேற்பட்ட இடத்தை அத்துரு அடைத்துக்கொள்ளும். போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் இடையேயுள்ள நுண்ணிய சந்திலே அது பிறத்தலால், விரிய இடமின்றி இருபுறமும் ஆப்புப்போல் இறுகி நிற்கும். மேலும் துரு தின்ற போல்ட்டு, புதிதாயிருந்தபோது இருந்ததினும் மெலிந்துமிருக்கும். பிடிப்பு வளர்ந்து தண்டு தேய்ந்த நிலையில், நீண்ட குழாயை ஸ்பானரில் மாட்டி முழு வலியோடு இழுத்தால் எது முதலில் இடங்கொடுக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மாரிஸ் மைனர் என்னும் வண்டியை உதாரணமாகக் கொள்வோம். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்திற் செய்யப்பட்ட இவ்வண்டியின் முற்பட்ட வகையை, இந்துஸ்தான் மோட்டார்ஸார் நம் நாட்டிலே ‘பேபி இந்துஸ்தான்’ என்னும் பெயரால் வெளியிட்டனர். 1952-க்குப் பின் இதில் அமைந்த எஞ்சினில், புகை வெளியேறும் மானிபோல்டு என்னும் வார்ப்புக் குழாயைச் சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்துப் பிடிப்பன ஸ்டட்டுகள். அஃதாவது, இருமுனையிலும் மரை வெட்டிய, தலையில்லாத தண்டுகள். எஞ்சின் ஓடுந்தோறும் இவை கடுஞ்சூடேறுகின்றன; நின்றபின் குளிர்ந்து ஈரத்தை ஏற்கின்றன. வண்டியெங்கும் துருவுக்கு இதனினும் வாய்ப்பான இடம் அரிது. கீழ்வரிசை நட்டுகளோ கார்புரேட்டருக்கும் மானிபோல்டுக்கும் அடியில், கண்ணுக்குப் புலப்படாமல், விரல் நுனியால் தடவி அறியுமாறு கிடக்கின்றன. ஸ்டட்டு ஒன்று உள்ளே ஒடிந்தால் சிலிண்டர் ஹெட்டையே கழற்றித் துளையிட வேண்டும். துளை கோணிப்போனால் அவ்வார்ப்பே பழுதாகும். நூறு ரூபாயும் பெறாத ஒரு தண்டால், அவ்வண்டியோடு பிறந்த ஹெட்டை இழத்தல் எத்துணைப் பெரிய நட்டம்!

இத்தகைய இடத்தில் ஸ்பானரின் பொருத்தம் உயிர்நிலை. 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்பார் மரைகளுக்கு ஓர் ஒழுங்கை வகுத்தார். பழைய ஆங்கில வண்டிகள் பல அவ்வழி வந்தவை. அவ்வகை ஸ்பானரிற் பொறித்த எண் நட்டின் அகலத்தைக் குறிப்பதன்று, போல்ட்டுத் தண்டின் குறுக்களவைக் குறிப்பது. கால் அங்குல விட்வொர்த் ஸ்பானரின் வாய் 0.525 அங்குலம், அஃதாவது ஏறத்தாழ 13.3 மில்லிமீட்டர். இன்று எங்கும் கிடைக்கும் 13 மில்லிமீட்டர் ஸ்பானர் அந்நட்டிற் புகாது. 14 மில்லிமீட்டர் புகும், ஆனால் ஆடும். ஆடும் ஸ்பானர் நட்டின் மூலைகளை மழுக்கும். மழுங்கியபின் பிடிக்க ஒன்றுமில்லை. 1948-இல் இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாட்டாரும் கூடிப் பொது மரை ஒன்றை ஏற்றபின் இக்குழப்பம் சிறிது சிறிதாகத் தணிந்தது. எம்.ஜி. டி.சி. வண்டியின் எஞ்சினிலோ வேடிக்கை வேறு: மரை பிரெஞ்சுக்காரர் வழிவந்த மெட்ரிக், தலை விட்வொர்த் அளவு. அவ்வெஞ்சின் செய்த ஆலை முன்னர் ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சுக் கம்பெனியாருடையதாயிருந்து 1923-இல் மாரிஸ் கைக்கு வந்ததன் விளைவு இது.

அறுமுனை ரிங் ஸ்பானர் நட்டின் பக்கங்களைப் பற்றுவதால் மூலையைக் காக்கும். ஆனால் எடுத்து மீண்டும் மாட்ட 60 பாகை திரும்ப இடம் வேண்டும். பன்னிருமுனை ஸ்பானருக்கு 30 பாகை போதும், பிடிப்போ குறைவு. மானிபோல்டின் அடியில் அந்த 30 பாகையும் அரிதே. இங்கேதான் வேலை தெரிந்தவரும் தெரியாதவரும் வேறுபடுகின்றனர். எம் பட்டறையின் முதிய மேஸ்திரி இத்தகைய நட்டோடு முதலிற் போராடமாட்டார். ஒரு மணி நேரம் செலவிட்டுக் கார்புரேட்டரையும் அதன் இணைப்புகளையும் கழற்றி வழியை உண்டாக்குவார். அதன்பின்னும் எட்டாதாயின், விலை குறைந்த ஸ்பானர் ஒன்றைச் சூடாக்கி வளைத்தோ, பாதியாக அறுத்துக் கம்பி வெல்டு செய்தோ அந்த ஒரு நட்டுக்கென்றே கருவி செய்வார். அவர் பெட்டியிற் பாதி இவ்வாறு பிறந்த கோணல் ஸ்பானர்களே.

அடுத்தது எண்ணெய். வெளியே தெரியும் மரையைக் கம்பிப் பிரஷ்ஷால் துலக்கி, துருவிற் புகும் மெல்லிய எண்ணெயை மாலையில் விட்டு, காலையில் மீண்டும் விட்டு, இடையிடையே சிறு சுத்தியலால் நட்டின்மேல் மெல்லத் தட்டுக. தட்டும் அதிர்ச்சி துருவில் வெடிப்பை உண்டாக்க, எண்ணெய் அவ்வெடிப்பு வழியே ஊறும். இரண்டு மூன்று நாள் இங்ஙனம் விடுதல் சோம்பலன்று.

எண்ணெய்க்கும் அசையாததற்குத் தீ. பெட்ரோலையும் எண்ணெய்த் துணியையும் அகற்றிய பின்னரே டார்ச்சை ஏற்றுக. சூடேற்ற வேண்டுவது நட்டை, ஸ்டட்டை அன்று. 10 மில்லிமீட்டர் துளையுள்ள எஃகு நட்டை 300 பாகை சென்டிகிரேட் மிகுதியாகச் சூடேற்றினால் துளை 0.036 மில்லிமீட்டரே அகலும்; தலைமயிரின் பருமனிற் பாதி. ஆயினும் துருவின் பிடியைத் தளர்த்த அதுவே போதும். சூடு ஸ்டட்டுக்கும் பரவினால் அப்பயன் போய்விடும். ஆதலின் விரைந்து சூடேற்றி விரைந்து திருப்புக. சற்று ஆறிய நிலையில் மெழுகுவர்த்தியை மரையின் வாயில் வைத்தால் உருகிய மெழுகு உள்ளே இழுக்கப்படும். ஆஸ்டின் செவன் போன்ற வண்டிகளில் எஃகு ஸ்டட்டு அலுமினியக் கிராங்க்கேஸில் நிற்கும். அங்கே அலுமினியத்தையே இதமாகச் சூடேற்றுவர், அஃது எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரிவதால்.

திருப்பும்போது முதலில் இறுக்கும் பக்கமாக மயிரிழையளவு அசைத்துப் பின் தளர்த்துக. கால் சுற்று வந்ததும் களித்து ஓட்டிவிடலாகாது. உதிர்ந்த துரு மரையில் நெருங்கி மீண்டும் கவ்வும். பாதி திருப்பிப் பின்வாங்கி, எண்ணெய் விட்டு, மறுபடியும் திருப்புக. திருப்பும் திசையையும் முன்னரே அறிதல் நலம்: கிரைஸ்லர் கம்பெனியாரின் டாட்ஜ், பிளைமத் வண்டிகளிற் பல ஆண்டுகள் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடமரையாகவே இருந்தன. அதை அறியாதவன் கழற்றுவதாக எண்ணி இறுக்கிக்கொண்டிருப்பான்.

நட்டே போகட்டும், ஸ்டட்டு பிழைக்கட்டும் என்று துணிந்தால் நட்டை உளியாற் பிளந்துவிடலாம். ஸ்டட்டு ஒடிந்து சிறிது வெளியே நின்றால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து உட்புறம் வெல்டு செய்து, சூடு சற்றுத் தணிந்ததும் திருப்புவது மிக நல்ல முறை. துளையிட்டு ஈசி-அவுட் என்னும் கருவியைச் செலுத்துவதை மேஸ்திரி கடைசியாகவே வைப்பார். மிகக் கடினமும் நொறுங்குந்தன்மையும் உள்ள அக்கருவி உள்ளே ஒடிந்தால், சாதாரணத் துரப்பணம் எதுவும் அதில் ஏறாது.

மீண்டும் பூட்டும்பொழுது மானிபோல்டு ஸ்டட்டுகளில் எஃகு நட்டை விடுத்துப் பித்தளை நட்டுகளையே இடுகின்றனர். பித்தளை எஃகோடு துருவால் ஒட்டாது. மரையில் செப்புத்தூள் கலந்த கிரீஸைச் சிறிது தடவினால், பின்னொரு நாள் அதைக் கழற்றுவோனுக்கு டார்ச்சு வேண்டியிராது.